52 என்னும் எண்: சுழலும்போதே சிதறிய குறுந்தகடுகளின் கதை

2004ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவரின் அறையில் நாம் நால்வர் கூடியிருந்தோம். அன்று அவர் காட்டுவதாகச் சொல்லியிருந்தது ஒரு குறுந்தகடு. 1950களில் சில ஆண்டுகள் வெளிவந்து நின்றுபோன ஒரு சிற்றிதழின் 31 இதழ்களை ஒரு பெரியவரிடம் இரவல் பெற்று, அலுவலகம் முடிந்த இரவுகளில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, அந்த ஒற்றை வட்டில் பதிந்துவைத்திருந்தார். அவருடைய கணினியின் வன்தட்டு 20 ஜிபி கொள்ளளவு உடையது. இடம் போதாமல் மூலக் கோப்புகளை அதிலிருந்து அழித்துவிட்டிருந்தார். தாள்கள் பெரியவரிடமே திரும்பிச் சென்றன. அடுத்த ஆண்டு அவர் காலமானார். வீட்டார் அலமாரியை ஒழித்துப் பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

வட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதே நாம் அதைக் கவனித்தோம். நடுத்துளையை ஒட்டியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில், துளையின் விளிம்பிலிருந்து கிளம்பி வெளிநோக்கிச் செல்லும் ஒரு மெல்லிய கோடு. விளக்கின் எதிரே பிடித்தால் மட்டுமே தெரிந்தது. பெட்டியின் நடுவிலிருந்த பற்கள் கொண்ட பிடி மிக இறுக்கமானது; ஒவ்வொரு முறையும் வட்டை வளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ‘போன மாதம்கூட நன்றாகப் படித்ததே’ என்றார் நண்பர். ‘இன்னும் ஒரு முறைதானே, உடனே நகல் எடுத்துவிடலாம்’ என்று சொன்னவர் நம்மில் ஒருவர்.

தட்டு உள்ளே சென்றது. ட்ரைவ் வழக்கம்போல் முனகி, பின் ஊளையிட்டு, வேகம் பிடித்தது. திரையில் கோப்புகளின் பெயர்கள்கூட வந்துவிட்டன. நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்த சில விநாடிகளில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அதன்பின் ஓர் உரசல், பிறகு அமைதி. திருப்புளியால் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தவை விரல்நீளக் கத்திகளைப் போன்ற சில்லுகளும், வெள்ளித்தூள் போன்ற ஒரு பொடியும். 31 இதழ்களும் அந்தப் பொடியில் இருந்தன.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சத்தம் நம் காதில் இருக்கிறது. அது தனிப்பட்ட ஒரு துரதிர்ஷ்டம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தோம். அப்படி அல்ல. அந்தச் சில ஆண்டுகளில் உலகின் பல மூலைகளிலும் கணினிகளுக்குள் குறுந்தகடுகள் இவ்வாறு சிதறின. அதற்கொரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடுவில் ட்ரைவின் முகப்பில் அச்சிடப்பட்ட ஓர் எண் உண்டு.

*

குறுந்தகடு பிறந்தபோது அது மெதுவான பொருளாகவே பிறந்தது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1979 மார்ச்சில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் அதன் முன்மாதிரியைக் காட்டியது. பின்னர் சோனி நிறுவனமும் சேர்ந்துகொண்டு, 1980இல் தரவரையறை எழுதப்பட்டது. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் இசைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனம், நடுவில் 15 மி.மீ. துளை. அந்தத் துளைக்கு அந்நாளைய டச்சுப் பத்து சென்ட் நாணயமே அளவாக அமைந்தது என்று சொல்வார்கள்.

இசைத்தட்டின் ஊசி வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி நகரும். குறுந்தகட்டின் லேசர் கதிரோ உள்ளிருந்து வெளியே செல்லும். சுருளின் எந்த இடத்தில் படித்தாலும் ஒரு விநாடியில் கதிரின் கீழே கடக்கும் நீளம் ஒன்றாகவே, ஏறத்தாழ 1.2 முதல் 1.4 மீட்டர் வரை, இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே உள்சுற்றில் படிக்கும்போது வட்டு நிமிடத்துக்கு 500 முறை சுழன்றது. வெளிவிளிம்பை எட்டுகையில் அது 200 ஆகக் குறைந்தது. பாட்டுக் கேட்பதற்கு அதற்குமேல் வேகம் தேவையில்லை. மணிக்கணக்கில் சுழன்றாலும் வட்டின் மேல் பெரிய அழுத்தம் எதுவும் இல்லை.

இந்த வட்டைச் செய்த பொருளும் எளிதில் உடையும் பொருளன்று. பாலிகார்பனேட் என்னும் இந்த நெகிழியை 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமலே உருவாக்கினர். நிலவுக்குச் சென்றவர்கள் அணிந்த தலைக்கவசக் குமிழ் பாலிகார்பனேட்டால் ஆனது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கண்ணாடிகளின் அடுக்குகளிலும் அது உண்டு. பிறகு ஏன் குறுந்தகடு மட்டும் உடைந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

விடையின் ஒரு பகுதி வார்ப்பில் இருக்கிறது. ஒரு மைக்ரானுக்கும் குறைவான அகலமுள்ள பள்ளங்களை அச்சுப் பிசகாமல் வார்க்க வேண்டுமானால், உருகிய நெகிழி நீர்போல் ஓடிச் சில விநாடிகளில் அச்சின் ஒவ்வொரு மூலையையும் நிரப்பவேண்டும். அதற்காக மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையான, இளகிய வகைப் பாலிகார்பனேட்டையே குறுந்தகட்டுக்குப் பயன்படுத்தினார்கள். ஓடுவதற்கு எளிது, ஆனால் கவசத்தின் உறுதி அதற்கு இல்லை. அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அதில் நுண்விரிசல்கள் தோன்றும். வளைத்தால் வளையும், பலமுறை வளைத்தால் எங்கோ ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும்.

*

இசைக்காகப் பிறந்த வட்டைக் கணினி எடுத்துக்கொண்டபோது கதை மாறியது. 650 மெகாபைட் கொள்ளும் ஒரு வட்டு, 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகளோடு மல்லாடியவர்களுக்கு ஒரு நூலகம் போலவே தோன்றியது. ஆனால் இசையின் வேகத்தில், விநாடிக்கு 150 கிலோபைட் என்ற கணக்கில், அதைப் படித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். பாட்டைக் கேட்பவர் பொறுத்திருப்பார். கோப்பைத் திறப்பவர் பொறுக்கமாட்டார்.

எனவே பந்தயம் தொடங்கியது. 1990களின் முற்பகுதியில் 2 மடங்கு வேக ட்ரைவ்கள் வந்தன. நடுப்பகுதியில் 4, 8 என்று ஏறின. பத்தாண்டு முடிவதற்குள் 24, 32, 40, 48 என்று எண்கள் படியேறி 52இல் வந்து நின்றன. எண்ணையடுத்து எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டு ட்ரைவின் முகப்பில் பெரிதாக அச்சிட்டார்கள். சென்னையின் ரிச்சி தெருவில் கணினி பூட்டச் சென்றவர்கள் கேட்ட முதற்கேள்விகளுள் ஒன்று ‘எத்தனை எக்ஸ்?’ என்பதாகத்தான் இருந்தது. நாமும் அப்படித்தான் கேட்டோம்.

அந்த எண்ணில் ஒரு சூது இருந்தது. 12 மடங்கு அளவைத் தாண்டியதும், கதிர் உள்ளே இருக்கும்போது ஒரு வேகம், வெளியே செல்லும்போது வேறொரு வேகம் என்று மோட்டாரை அடிக்கடி மாற்றுவது இயலாததாயிற்று. ஆகவே பொறியாளர்கள் பழைய விதியைக் கைவிட்டு, வட்டை ஒரே சீரான சுழற்சியில் ஓடவிட்டார்கள். அப்படி ஓடும் வட்டில் வெளிவிளிம்பு வேகமாகவும் உட்பகுதி மெதுவாகவும் கதிரைக் கடக்கும். 52 என்பது வெளிவிளிம்பில் மட்டுமே கிட்டும் உச்ச அளவு; உட்சுற்றில் அது 20 மடங்கை ஒட்டியே இருந்தது. குறுந்தகட்டில் பதிவு உள்ளிருந்து தொடங்குவதால், பாதி நிரம்பிய வட்டொன்று அந்த 52ஐத் தன் வாழ்நாளில் ஒருமுறையும் தொடாது. ஆனால் எண்ணுக்குரிய சுழற்சியை மட்டும் அது முழுவதுமாகச் சுமந்தாகவேண்டும். பயன் வந்தாலும் வராவிட்டாலும் ஆபத்து என்னவோ முழுமையாகவே வந்தது.

52 மடங்கு என்றால் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல். இதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வட்டின் சுற்றளவு ஏறத்தாழ 37.7 செ.மீ. 10,000 சுற்றில் அதன் விளிம்பு விநாடிக்கு 63 மீட்டர், அதாவது மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள அந்த மெல்லிய தகட்டில் அப்போது தேங்கியிருக்கும் ஆற்றல், ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலுக்குச் சமம். கல்லுக்குப் பதிலாகக் கத்தி முனைகள் என்று எண்ணிக்கொண்டால் நம் நண்பரின் ட்ரைவுக்குள் நிகழ்ந்தது விளங்கும்.

*

சுழலும் பொருள் தன் சுழற்சியாலேயே உடைவது புதிய செய்தியன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திகளுக்குப் பேர்போனது. அங்கே பெரிய மணற்கல் சாணைகளின் முன் அமர்ந்து கத்தி தீட்டிய தொழிலாளர்களுக்குக் கல்தூசி நுரையீரலைத் தின்றது ஒரு மரணம். சுழலும் கல் திடீரென்று பிளந்து மேலே பாய்வது மற்றொரு மரணம். கல்லில் இருந்த கண்ணுக்குத் தெரியாத விரிசலே காரணம். இன்றும் பட்டறைகளில் சாணைச் சக்கரத்தைப் பொருத்துமுன் அதைத் தொங்கவிட்டு மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மழுங்கிய ஒலி வந்தால் உள்ளே விரிசல். சக்கரத்தின் மேலேயே அது தாங்கும் உச்சச் சுழற்சி அச்சிடப்பட்டிருக்கும். சுற்றி இரும்புக் கவசமும் இருக்கும்.

சுழலும் வட்டின் ஒவ்வொரு துகளும் நேர்கோட்டில் பறந்துபோகவே முயல்கிறது. அதைப் பக்கத்துத் துகள்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இந்த இழுவிசை எங்கே மிக அதிகம் என்று கேட்டால், விளிம்பில் என்றே பலரும் சொல்வோம். உண்மை நேர்மாறானது: நடுத்துளையின் ஓரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கிறது. துளையே இல்லாத முழு வட்டின் மையத்தில் உள்ள இழுவிசையைக் காட்டிலும், ஊசிமுனைத் துளை இட்டாலும் அதன் ஓரத்தில் இழுவிசை இரட்டிப்பாகும் என்பது இயந்திரவியலின் பழைய கணக்கு. குறுந்தகட்டைப் பெட்டியின் பிடியிலிருந்து நெம்பி எடுக்கும்போது நாம் விரிசல் விடுவதும் அதே இடத்தில்தான்.

ஆயினும் குறையற்ற குறுந்தகடு ஒன்று 10,000 சுற்றில் உடையாது. அந்த வேகத்தில் துளையின் ஓரத்தில் எழும் இழுவிசை, பாலிகார்பனேட் தாங்கவல்ல அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘மித்பஸ்டர்ஸ்’ நிகழ்ச்சி இந்தச் செய்தியைச் சோதித்தபோது, சாதாரண ட்ரைவின் வேகத்தில் நல்ல வட்டு உடையவில்லை. அதைவிட மிக வேகமாகச் சுழலும் மோட்டாரில் பூட்டிய பின்னரே சிதறியது. இது கட்டுக்கதை என்ற எண்ணம் அதன்பின் பலரிடம் பரவியது. நம் நண்பரின் அறையில் இருந்தவர்கள் அதை ஏற்பது கடினம்.

சோதனையும் பொய்யன்று, நாம் கண்டதும் பொய்யன்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது விரிசல். 1913இல் சார்லஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஒரு தகட்டில் உள்ள நீள்வட்டத் துளையின் கூர்முனையில் இழுவிசை பன்மடங்காகத் திரள்வதைக் கணக்கிட்டுக் காட்டினார். துளை எவ்வளவு கூராகிறதோ அவ்வளவு திரட்சி. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வுக்கூடத்தின் ஆலன் கிரிஃபித் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் மேலும் ஒரு படி சென்றார். கண்ணாடி ஏன் கணக்கில் வரும் உறுதியைவிட வெகு எளிதில் உடைகிறது என்று கேட்டு, அதிலுள்ள நுண்விரிசல்களே காரணம் என்று அவர் விடை சொன்னார். ஒவ்வொரு சூழலுக்கும் ஓர் எல்லை நீளம் உண்டு. அதற்குக் குறைவாக உள்ளவரை விரிசல் உறங்கும். அதைத் தாண்டியதும் தானாகவே ஓடும், யாராலும் நிறுத்தமுடியாது.

நண்பரின் ‘போன மாதம்கூட நன்றாகப் படித்ததே’ என்ற வாக்கியத்துக்கு இதில் விளக்கம் இருக்கிறது. ட்ரைவ் ஒவ்வொரு முறை வேகம் பிடிக்கும்போதும் விரிசலின் வாய் சற்றே விரிகிறது. வேகம் குறையும்போது மூடுகிறது. ஒவ்வொரு திறப்பிலும் அது ஒரு மயிரிழை முன்னேறுகிறது. போன மாதம் படித்தது என்பது அது நலமாக இருந்தது என்பதற்குச் சான்றன்று. எல்லை நீளத்தை அது ஒரு சுற்று நெருங்கிவிட்டது என்பதற்கே சான்று.

இதோடு ஆட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கமாகச் சற்றே விலகி ஒட்டிய தாள் லேபிள், 200 சுற்றில் எந்தத் தீங்கும் செய்யாது. விசை வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், 50 மடங்கு வேகத்தில் அதே தாள் 2,500 மடங்கு விசையோடு வட்டை ஒருபக்கம் இழுக்கும். ட்ரைவின் ஊளை என்று நாம் வேடிக்கையாகச் சொன்னது பெரும்பாலும் இந்த ஆட்டத்தின் ஓசைதான். பிற்காலத்தில், விநாடிக்கு லட்சத்துக்கும் மேலான படங்கள் எடுக்கும் காமிராக்களின் முன் குறுந்தகட்டை உடைத்துக் காட்டினார்கள். அதில் வட்டு உடைவதற்கு முன் காற்றில் துணிபோல் அலையலையாக நெளிவதைக் காணலாம். திடப்பொருள் என்று நாம் நம்பியது அந்த நிலையில் திடமாகவே இல்லை.

*

இந்தக் கதையில் நம்மை மிகவும் தொந்தரவு செய்யும் முரண் ஒன்று உண்டு. குறுந்தகட்டை வடிவமைத்தவர்கள் சேதத்தைப் பற்றிச் சிந்திக்காதவர்கள் அல்லர். தூசியும் கீறலும் கைரேகையும் படியும் என்பதை முன்கூட்டியே எண்ணி, 1960இல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் வகுத்த கணிதக் குறியீட்டை வட்டின் உள்ளேயே பின்னிவைத்தார்கள். அடுத்தடுத்த எண்கள் வட்டில் அடுத்தடுத்து எழுதப்படுவதில்லை. வேண்டுமென்றே கலைத்துப் பரப்பப்படுகின்றன. ஒரு கீறல் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்தை முழுவதுமாக அழித்தாலும், அதில் போன ஏறத்தாழ 4,000 பிட்டுகளை மிச்சமுள்ளவற்றிலிருந்து மீண்டும் கணக்கிட்டுவிடலாம். ஏட்டில் செல்லரித்த இடத்தைப் பாட்டின் தளை கொண்டும் சீர் கொண்டும் ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியரின் வேலையை இங்கே கணிதம் செய்கிறது. ஊகமாக அல்லாமல் உறுதியாகவே செய்கிறது.

எழுத்தைக் காக்க இவ்வளவு நுட்பம். எழுதிய பொருளைக் காக்க அதில் எதுவும் இல்லை. கீறலுக்கு மருந்து இருந்தது, விரிசலுக்கு இல்லை. ஏட்டை அரிக்கும் கரையான் சில எழுத்துகளைத் தின்று மற்றவற்றை விட்டுவைக்கும். இங்கே 31 இதழ்களும் ஒரே கணத்தில் போயின.

சாணைக் கல்லுக்கு இருந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூடக் குறுந்தகட்டுக்கு இல்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். வெற்று வட்டுகளின் மேல் 52 என்று அச்சிட்டிருந்தது உண்மையே. ஆனால் அது அந்த வட்டில் பதிவு செய்யத்தக்க வேகத்தைச் சொன்னதே தவிர, விரிசல் விட்ட பிறகு அது எந்த வேகத்தைத் தாங்கும் என்பதைச் சொல்லவில்லை. ட்ரைவோ தன்னிடம் தரப்படும் வட்டு புதியதா பழையதா, முழுமையானதா பிளந்ததா என்று பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003இல் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரு கையேட்டை வெளியிட்டது. வட்டை வளைக்காதீர்கள், ஓரத்தையோ நடுத்துளையையோ மட்டும் பிடியுங்கள், ஒட்டும் லேபிள்களைத் தவிருங்கள், கரைப்பான் கலந்த பேனாவால் எழுதாதீர்கள், படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிறுத்திவையுங்கள் என்று அது எளிய மொழியில் சொன்னது. நம் நண்பரின் அறையில் இவற்றில் பெரும்பாலானவை மீறப்பட்டிருந்தன. அந்தக் கையேட்டை அப்போது நாம் எவரும் பார்த்ததில்லை.

*

பந்தயம் எப்படி நின்றது? உற்பத்தியாளர்கள் வெளிப்படையாகக் கைவிட்டதாக அறிவிக்கவில்லை. எண்தான் 52இல் நின்றுபோனது. இடையில் வேறு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. கென்வுட் நிறுவனத்தின் 72 மடங்கு ட்ரைவ், ஒரு கதிருக்குப் பதிலாக ஏழு கதிர்களால் பக்கத்துப் பக்கத்துச் சுருள்களை ஒரே நேரத்தில் படித்தது. ஆகவே அது மற்றவற்றைவிட மெதுவாகவே சுழன்றும் அதிகம் படித்தது. நுட்பமான அந்த வழி சந்தையில் நிலைக்கவில்லை. வேகத்தைக் குறைத்து வைக்கும் சிறு மென்பொருள்களும் கிடைத்தன. பெரும்பாலோர் அவற்றை ஓசையைக் குறைக்கவே பயன்படுத்தினார்கள். அவை வட்டைக் காப்பாற்றவும் செய்தன என்பதை அறியாமலே.

பின்வந்த டிவிடியும் ப்ளூரேயும் இதே 12 செ.மீ. வட்டுகள்தாம். டிவிடியை 16 மடங்கு வேகத்திலும், ப்ளூரேயை 12 மடங்கு வேகத்திலும் விளிம்பில் படிக்கத் தேவையான சுழற்சியைக் கணக்கிட்டால், இரண்டும் நிமிடத்துக்கு 9,000 முதல் 10,000 சுற்றுக்குள் வருகின்றன. வெளியே அச்சிட்ட எண்கள் வேறுவேறு. மூன்று தலைமுறைகளும் வந்து முட்டிய சுவர் ஒன்றே. அதற்குமேல் வேகம் வேண்டியபோது வட்டை வேகமாகச் சுற்றாமல், எழுத்தைச் சிறிதாக்கினார்கள். குறுந்தகட்டில் சுருளுக்குச் சுருள் 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74, ப்ளூரேயில் 0.32. ஒரே சுற்றில் அதிக எழுத்துகள் கடந்தன.

பிறகு வட்டுகளின் காலமே முடிந்தது. மடிக்கணினிகளிலிருந்து ட்ரைவ்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. குறுந்தகட்டைப் பெற்றெடுத்த இருவரில் ஒருவரான சோனி, பதிவுசெய்யத்தக்க ப்ளூரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது.

நம்பிக்கையின் அளவைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. 1086இல் இங்கிலாந்தில் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் நாட்டின் அன்றாட வாழ்வை மக்களைக்கொண்டே எழுதவைத்து லேசர் வட்டுகளில் வெளியிட்டது. 2002 வாக்கில் அந்த வட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் புதிய கணினிக்குள் போலச்செய்து அதை மீட்க வேண்டியிருந்தது. தோல் ஏடு அப்போதும் படிக்கத்தக்கதாகவே இருந்தது. 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழந்தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் நுண்படச் சுருள்களில் பதிந்துவைத்தபோது, ‘இன்னும் எதற்கு இந்தப் பழைய முறை’ என்று கேட்டவர்களுள் நாமும் இருந்தோம். நுண்படச் சுருளை ஒரு விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் படித்துவிடலாம். அதை எந்த மோட்டாரும் 10,000 முறை சுற்றவேண்டியதில்லை.

*

இதைப் படிப்போர் பலரின் பரண்களில் இன்னமும் குறுந்தகடுகள் இருக்கும்: திருமணப் படங்கள், இறந்தவரின் குரல், தட்டச்சு செய்து அச்சேறாத கவிதைகள். அவற்றை நகலெடுக்க எண்ணுவோருக்கு, பட்டபின் நாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். ட்ரைவில் இடுமுன் நடுவளையத்தை விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். துளையிலிருந்து கிளம்பும் கோடு தெரிந்தால் அந்த வட்டை உள்ளே விடாதீர்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். பசையின் கரைப்பான் விரிசலை வளர்க்கும், அதன் எடை ஆட்டத்தைக் கூட்டும். அதில் இருப்பது வேறெங்கும் கிடைக்காதது என்றால் தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொண்டுசெல்லுங்கள். விரிசல் இல்லாத பழைய வட்டையும் மென்பொருளால் வேகத்தைக் குறைத்தே படியுங்கள். வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால் இழுவிசை பதினாறில் ஒன்றாகும். சில நிமிடங்கள் கூடுதலாகக் காத்திருப்பதுதான் அதற்கான விலை.

அன்று நாம் காத்திருக்கவில்லை. விரிசலை நால்வரும் கண்டோம். 52 மடங்கு வேகமுள்ள ட்ரைவுக்கே அதைக் கொடுத்தோம். ஒரு நகலோடு நிறுத்திக்கொண்டது நண்பரின் பிழை என்றால், ‘இன்னும் ஒரு முறைதானே’ என்றது நம்முடைய பிழை. ட்ரைவைச் செய்தவர்மேலோ, பெட்டியைச் செய்தவர்மேலோ மட்டும் பழிபோட முடியவில்லை.

அந்த 31 இதழ்களில் 19 இதழ்களை, நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் வேறு சில வீடுகளின் மரப்பெட்டிகளிலும் தேடிக் கடந்த இருபது ஆண்டுகளில் மீண்டும் சேர்த்திருக்கிறோம். இப்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று இடங்களில் நகல் உண்டு. தாளையும் யாரும் எடைக்குப் போடவில்லை. மீதி 12 இதழ்களில் என்ன இருந்தது என்பது, அவற்றை ஸ்கேன் செய்த நண்பரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அட்டைகள் நினைவிருக்கின்றன, சில தலைப்புகள் நினைவிருக்கின்றன என்கிறார். ஒரு கதையின் முடிவு மட்டும் எப்போது கேட்டாலும் வேறாக வருகிறது.